ரத்தக்கண்ணீரும் எம்.ஆர்.ராதாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய படம் பற்றிப் பேச்சு வந்தால் நான் எல்லாருக்கும் போட்டுக் காட்டுவது ரத்தக்கண்ணீர்தான். சொந்தக்காரர்கள், நண்பர்கள், அவர்களுடைய கல்லூரி போகும் பிள்ளைகள் என்று பல பேரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டேன். படம் முடிந்ததும் வரும் சந்தேகங்கள் மட்டும் மாறவே மாட்டேன் என்கின்றன. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

"இது முதல்ல நாடகமா, படமா?"

நாடகம்தான். எழுதியவர் திருவாரூர் கே.தங்கராசு, பெரியார் இயக்கத்தில் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். எம்.ஆர்.ராதா தன் குழுவோடு இதை 1940களின் கடைசியிலிருந்து மேடையில் நடத்திக்கொண்டிருந்தார். ஜனங்கள் திரும்பத் திரும்ப வந்து பார்த்த நாடகம்.

அதை 1954-ல் நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாள் படமாகத் தயாரித்தார், இயக்கியவர்கள் கிருஷ்ணன்-பஞ்சு. இதே தயாரிப்பாளரும் இதே இயக்குநர்களும் இரண்டு வருடத்துக்கு முன்னால் பராசக்தியில் சேர்ந்து வேலை செய்தவர்கள், அதுவும் மேடையிலிருந்து வந்த கதைதான். மேடையில் ஓடியதைத் திரைக்குக் கொண்டுவருவது அவர்களுக்குப் பழக்கமான வேலை.

"கதையைச் சுருக்கமா சொல்லுங்க, முழுசா பார்க்க நேரமில்ல."

சொல்கிறேன், ஆனால் நேரம் கிடைக்கும்போது பார்த்துவிடுங்கள். மோகனசுந்தரம் (ராதாவின் வேடம்) வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பணக்காரன். கோட்டு சூட்டும் சிகரெட்டுமாக ஊர் வந்து இறங்கியவனுக்கு இங்கே இருக்கும் எதுவும் பிடிக்கவில்லை. தாயை மதிப்பதில்லை. கட்டிவைத்த மனைவி சந்திராவைப் பட்டிக்காடு என்று ஒதுக்கிவிட்டு, தாசி காந்தாவின் வீடே கதி என்று கிடக்கிறான். சொத்து போகிறது, தாய் போகிறாள், கடைசியில் தொழுநோய் வருகிறது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட காந்தா அவனை வெளியே துரத்துகிறாள். பார்வையும் போய்த் தெருவில் பிச்சை எடுக்கிறான். முடிவில், தன் மனைவியைத் தன் நண்பன் பாலுவே கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறான். நோய் தின்ற தன் உருவத்தை அப்படியே சிலையாக வைத்து ஊருக்குக் காட்டச் சொல்கிறான்.

"எம்.ஆர்.ராதா வில்லன் நடிகர்தானே, அவர் எப்படி கதாநாயகன்?"

நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்த ராதா 1950களின் கடைசியிலிருந்து வந்தவர். பாகப்பிரிவினை, பாவ மன்னிப்பு, பெரிய இடத்துப் பெண், கற்பகம், புதிய பறவை என்று வரிசையாக வந்த படங்களில் பார்த்ததால் அப்படித் தோன்றுகிறது. மேடையில் அவர்தான் நாயகன், அவருக்காகத்தான் டிக்கெட் விற்றது.

1907-ல் சென்னையில் பிறந்தவர். சின்ன வயதிலேயே வீட்டை விட்டுப் போய் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனி என்றால் பள்ளிக்கூடம், வீடு, தொழில் எல்லாமே அதுதான். பையன்கள் அங்கேயே சாப்பிட்டு அங்கேயே தூங்கி, எல்லா வேடத்துக்கும் பாடம் பண்ணுவார்கள். 1937-ல் ராஜசேகரன் படத்தில் சினிமாவுக்கு வந்து சில படங்கள் நடித்துவிட்டு, மறுபடியும் மேடைக்கே போய்விட்டார். அவருக்கு 'நடிகவேள்' என்ற பட்டம் வந்ததும் மேடையில் பெற்ற பெயரால்தான். ரத்தக்கண்ணீர் எடுத்தபோது அவருக்கு 47 வயது. இளைஞன் வேடத்துக்கு அது அதிகமான வயது என்று படம் பார்க்கும்போது யாருக்கும் தோன்றுவதில்லை, நான் சொன்ன பிறகுதான் "அப்படியா?" என்கிறார்கள்.

"அப்படி என்னங்க பெரிய நடிப்பு? படம் முழுக்கக் கத்திக்கிட்டே இருக்காரே?"

இந்தக் கேள்விதான் அதிகம் வரும், பெரும்பாலும் இருபது வயதுக்காரர்களிடமிருந்து. ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். தொண்டைக்கு அடியிலிருந்து கரகரவென்று ஆரம்பிப்பார். நடுவில் ஒரு சொல்லில் குரல் சட்டென்று மெலிந்து கீச்சென்று மேலே ஏறும், முடிக்கும்போது மறுபடி அடித்தொண்டைக்கு வந்துவிடும். ஒரே மூச்சில் இரண்டு ஆட்கள் பேசுகிற மாதிரி இருக்கும். ஒரு குரல் விஷயத்தைச் சொல்கிறது, இன்னொரு குரல் அதே விஷயத்தைக் கிண்டல் பண்ணுகிறது. 'அடியே காந்தா' என்ற இரண்டே சொல்லை மிமிக்ரி செய்பவர்கள் எல்லாம் இன்றைக்கும் வைத்துக்கொண்டு கைதட்டல் வாங்குகிறார்கள் என்றால், அந்தக் குரல் ஏறி இறங்குகிற விதம்தான் காரணம்.

மைக் இல்லாத கொட்டகையில், கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒவ்வொரு எழுத்தும் போய்ச் சேர வேண்டும் என்று பழகிய குரல் அது. அதனால் சத்தம் அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் சத்தத்துக்குள் எத்தனை படி இருக்கிறது என்று பாருங்கள். காந்தாவிடம் குழைவது ஒரு படி, தாயிடம் எரிந்து விழுவது ஒரு படி, தொழிலாளர் தலைவர்களை நக்கலடிப்பது வேறு ஒரு படி. கத்துகிற நடிகருக்கு ஒரே படிதான் இருக்கும்.

"முதல் பாதியில கெட்டவன், ரெண்டாவது பாதியில திருந்தினவன், அவ்வளவுதானே? இதுல என்ன புதுசு?"

நானும் முதல் இரண்டு தடவை அப்படித்தான் நினைத்தேன். அப்புறம்தான் பிடிபட்டது. அவன் திருந்துகிறான், ஆனால் அவன் வாய் திருந்துவதில்லை. கோட்டு போட்டிருந்தபோது இருந்த அதே எகத்தாளம் கந்தல் கட்டிக்கொண்டு பிச்சை கேட்கும்போதும் அப்படியே இருக்கிறது. போடுகிறவனையும் விடமாட்டான், போடாதவனையும் விடமாட்டான், தன்னையும் விடமாட்டான். வேறு எந்த நடிகராக இருந்தாலும் இந்த இடத்தில் குரல் கம்மி, கண் கலங்கி, நம்மிடம் இரக்கம் கேட்டிருப்பார். ராதா ஒரு காட்சியில்கூட நம் இரக்கத்தைக் கேட்கவில்லை.

என்னைப் பொறுத்தவரை இந்த நடிப்பு உயர்ந்து நிற்பது இதனால்தான். மனிதன் கெட்டுப்போனால் அவன் குணத்தில் எல்லாமே அழிந்து புது ஆளாகி விடுவதில்லையே. உடம்பு போய்விட்டது, கண் போய்விட்டது, கையிலிருந்த காசு போய்விட்டது, ஆனால் பேச்சு அதே மோகனசுந்தரத்தின் பேச்சு. சிரிக்க வைக்கிறான், சிரித்து முடிக்கும்போது நமக்குத் தொண்டையில் அடைக்கிறது. அழுகையை அவன் நமக்கு விட்டுவிடுகிறான்.

"பாட்டுக்கு நடுவுல எதுக்குப் பேசிக்கிட்டே இருக்கார்? பாட்ட கெடுக்கிற மாதிரி இருக்கு."

'குற்றம் புரிந்தவன்' பாட்டைச் சொல்கிறீர்கள். கு.சா.கிருஷ்ணமூர்த்தி எழுதியது, பாடியவர் சி.எஸ்.ஜெயராமன், படத்தின் பாடல்களுக்கு இசையும் அவரே. (பின்னணி இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி.) ஜெயராமன் குரல் கனத்த குரல், மெதுவாக ஒரு தீர்ப்பை வாசிப்பது போல ஒவ்வொரு அடியையும் இறக்கி வைக்கிறார். அது நின்றதும் ராதாவின் பேச்சு உள்ளே வருகிறது, பிறகு பாட்டு, பிறகு பேச்சு.

முன் பதிலில் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். பாட்டு மட்டும் இருந்திருந்தால் அது ஒரு நல்ல சோகப் பாட்டு, அவ்வளவுதான். பேச்சு நடுவில் புகுந்து பாட்டைச் சுகமாகக் கேட்க விடாமல் பண்ணுகிறது. குற்றம் செய்தவனுக்கு நிம்மதி ஏது என்று பாட்டு கேட்கிறது, அந்தக் குற்றவாளியே குறுக்கே வந்து ஆமாம் போடுகிறான். மேடை நாடகத்தில் பாட்டும் வசனமும் இப்படிப் பின்னி வருவது புதிதல்ல என்றாலும், அதை ஒரு திரைப்படப் பாட்டுக்குள் இவ்வளவு துணிச்சலாக வைத்தது வேறு எங்கும் எனக்கு இந்த அளவுக்குக் கிடைத்ததில்லை.

"நாடகத்தை அப்படியே படம் புடிச்ச மாதிரி இருக்கே, சினிமா மாதிரியே இல்லையே?"

பாதி உண்மை. நிறைய இடங்களில் கேமரா சும்மா நிற்கிறது, ஆட்கள் வந்து நின்று பேசிவிட்டுப் போகிறார்கள். ஆனால் ராதா பேசும்போது இயக்குநர்கள் அடிக்கடி வெட்டி வேறு முகத்துக்குப் போயிருந்தால், அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கம் துண்டு துண்டாகப் போயிருக்கும். அவரை முழுசாக விட்டுவிட்டதுதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

மேடை தராத ஒன்றைச் சினிமா தந்திருக்கிறது. கிட்டத்தில் தெரியும் முகம். கொட்டகையில் ஐம்பதடி தள்ளி உட்கார்ந்தவருக்கு அந்த உதட்டுச் சுழிப்பும், புருவம் ஏறுவதும், பார்வை போன பிறகு எங்கோ வெறித்தபடி அந்தக் கண் நிற்பதும் தெரிந்திருக்காது. மடங்கிய விரல்களோடு அவர் கையை வைத்துக்கொண்டிருப்பதைப் பாருங்கள். பேச்சில் மனம் போய் அந்தக் கையை ஒரு தடவையாவது சாதாரணமாக நீட்டிவிடுவார் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தேன், கடைசிவரை நடக்கவில்லை. பல வருடம் மேடையில் அந்த உடம்போடு வாழ்ந்தவருக்குத்தான் அது வரும்.

"மேடையில பண்ணினதும் படத்துல பண்ணினதும் ஒண்ணா?"

கதை ஒன்று, ஆள் ஒன்று. ஆனால் மேடையில் அவர் வசனத்தை வைத்த இடத்தில் வைத்திருக்க மாட்டார். அன்றைக்கு நாட்டில் நடந்த விஷயத்தை அன்றைக்கு ராத்திரி மேடையில் இழுத்துவிடுவார். கூட்டத்திலிருந்து யாராவது கத்தினால் அங்கேயே பதில் வரும். அரசாங்கம் அவருடைய நாடகங்களுக்குத் தடை போட்டதும், அவர் சிறைக்குப் போனதும், பெயரை மாற்றி மறுபடி போட்டதும் அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. படம் வந்த அதே 1954-ல்தான் சென்னை மாநிலத்தில் நாடகங்களைக் கட்டுப்படுத்தப் புதிய சட்டமும் வந்தது.

படத்தில் இருப்பது தணிக்கைக்குப் போய் வந்த, ஒரே முறை உறைந்துபோன ரத்தக்கண்ணீர். படம் வந்த பிறகும் அவர் நாடகத்தை விடவில்லை, வருடக்கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தார். வீட்டுப் பெரியவர்கள் யாராவது மேடையிலேயே பார்த்திருந்தால் அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள், படத்தில் இல்லாத வசனமெல்லாம் சொல்வார்கள்.

"காந்தாவா நடிச்சது யாரு? அந்தப் பொண்ணுக்கு என்ன தைரியம்!"

எம்.என்.ராஜம். அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. எதிரே நிற்பவர் மேடையில் பழுத்த நடிகர், பேசியே ஆளை விழுங்கிவிடக் கூடியவர். அவரை மயக்க வேண்டும், அவர் பணத்தைக் கரைக்க வேண்டும், நோயாளியான பிறகு அருவருத்து ஒதுக்கி, மாடிப்படியிலிருந்து உதைத்துத் தள்ள வேண்டும். பெயர் கெட்டுவிடும் என்று பயப்படக்கூடிய வேடம். ராஜம் எந்த இடத்திலும் அதை மழுப்பவில்லை. காந்தா பளபளப்பாக இருந்தால்தான் மோகன் விழுந்தது நம்பும்படி இருக்கும், கல்நெஞ்சாக இருந்தால்தான் அவன் தெருவுக்கு வந்தது உறைக்கும், ராஜம் இரண்டையும் செய்திருக்கிறார். ராதாவுக்குப் போகும் பாராட்டில் ஒரு பங்கு அவருக்குச் சேர வேண்டும்.

"மத்தவங்க?"

சந்திராவாக ஸ்ரீரஞ்சனி, பராசக்தியில் கல்யாணியாக வந்தவர். பாலுவாக எஸ்.எஸ்.ராஜேந்திரன். இரண்டு பேருமே அடக்கி வாசித்திருக்கிறார்கள், அடக்கி வாசித்தால்தான் இந்தப் படத்தில் தப்பிக்க முடியும்.

"பகுத்தறிவுக் கதைன்னு சொல்றீங்க. ஆனா பாவம் பண்ணினா தண்டனைன்னுதானே முடியுது? இது பழைய புராணம் மாதிரிதானே?"

நல்ல கேள்வி, எனக்கும் ரொம்ப நாள் உறுத்திய கேள்வி. சம்பிரதாயத்தையும் சடங்கையும் கேலி செய்பவன் மோகன், அவனுக்கே தொழுநோய் வருகிறது. அப்படியானால் கேலி செய்ததற்குத்தான் தண்டனையா என்று மேலோட்டமாகப் பார்த்தால் தோன்றும். ஆனால் 'வாய் திருந்துவதில்லை' என்று மேலே எழுதினேனே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நோய் வந்த பிறகும் அவன் கேலியை நிறுத்தவில்லை. தர்மம் பேசுகிறவர்களின் போலித்தனத்தைக் குத்திக்கொண்டேதான் இருக்கிறான். அவன் வருந்துவது தாயிடமும் மனைவியிடமும் நடந்துகொண்டதற்கு. கேள்வி கேட்டதற்காக அவன் வருந்தவே இல்லை. தங்கராசு எழுத்தில் இந்தப் பிரிப்பு மெல்லியதாக இருக்கிறது, ராதாவின் வாயில் அது தெளிவாகிவிடுகிறது.

அப்புறம் முடிவைப் பாருங்கள். புருஷனே மனைவிக்கு மறுமணம் பேசுகிறான், அதுவும் 1954-ல், குடும்பத்தோடு கொட்டகைக்கு வந்த கூட்டத்தின் முன்னால். புராணத்தில் அந்த இடத்தில் மனைவியின் கற்பு புருஷனின் நோயைத் தீர்த்திருக்கும். இங்கே அவள் வாழ்க்கைக்கு வேறு வழி காட்டப்படுகிறது. சுயமரியாதை இயக்கம் பேசிய விஷயம் அது.

"தொழுநோய் நிஜமாவே அப்படித்தான் வருமா?"

வராது. இதைச் சொல்லாமல் இந்தப் படத்தை யாருக்கும் காட்டக் கூடாது என்று நினைக்கிறேன். தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது, ஹான்சன் என்ற நார்வே மருத்துவர் 1873-லேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார். பெண்ணோடு சேர்ந்ததால் வருகிற நோய் அல்ல. சிகிச்சை எடுக்காத நோயாளியோடு நீண்ட காலம் நெருங்கிப் பழகினால், மூச்சுக் காற்றில் வரும் துளிகள் மூலம் தொற்றலாம். தொட்டால் உடனே ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல, பெரும்பாலான மனிதர்களுக்கு இயற்கையாகவே எதிர்ப்புச் சக்தி இருக்கிறது.

நம் ஊரிலேயே, செங்கல்பட்டு பக்கம் திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் 1940களில் சல்ஃபோன் வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். படம் வரும்போதே மருந்து இருந்தது. 1980களிலிருந்து கூட்டு மருந்து சிகிச்சை வந்து, இன்று ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் முழுக்கக் குணமாக்கிவிடுகிறார்கள், அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

கெட்ட நடத்தைக்கு அடையாளமாக அந்த நோயைக் காட்டியதால், அது வந்த எத்தனையோ அப்பாவிகள் ஊராரின் பார்வைக்குப் பலியாகியிருப்பார்கள். படத்தின் பெரிய குறை இதுதான். ராதாவின் நடிப்பு எவ்வளவு உண்மையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தத் தப்பான எண்ணமும் ஆழமாகப் பதிந்தது. நடிப்பை நேசிக்கிறவன் என்பதால் இதை நான் மறைக்க விரும்பவில்லை.

"பழி எல்லாத்தையும் அந்தத் தாசி மேல போடறாங்களே, அது நியாயமா?"

இல்லை. சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-ல்தான் வந்தது, அந்த நினைவு ஊரில் இன்னும் ஆறாத நேரத்தில் எழுதிய கதை இது. காந்தா எப்படி அந்த வாழ்க்கைக்கு வந்தாள் என்று படம் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். மோகன் தன் அழிவுக்குத் தன்னைத்தான் கடைசியில் குற்றவாளியாக நிறுத்துகிறான், சிலை வைக்கச் சொல்வது தனக்குத்தான், காந்தாவுக்கு அல்ல.

"எம்.ஜி.ஆரைச் சுட்டவர் படத்தையா பார்க்கச் சொல்றீங்க?"

1967 ஜனவரி 12-ம் தேதி எம்.ஜி.ஆரின் ராமாவரம் வீட்டில் அது நடந்தது, வழக்கு நடந்து ராதா சிறைத் தண்டனை அனுபவித்தார். எம்.ஜி.ஆர் பிழைத்தார், குரல் மட்டும் பழையபடி இல்லை. அந்தக் கோபம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். வெளியே வந்த ராதா மறுபடி மேடை ஏறினார், 1979 செப்டம்பர் 17-ல் திருச்சியில் இறந்தார். அது பெரியாரின் பிறந்த நாள். 1954-ல் அவர் கேமரா முன்னால் செய்ததை அந்தச் சம்பவம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்பது என் எண்ணம். வேண்டாம் என்பவர்களை வற்புறுத்துவதும் இல்லை.

"வேற யாராவது இந்த வேஷத்தைப் பண்ணியிருக்காங்களா?"

தெலுங்கில் நாகபூஷணம் 'ரக்த கண்ணீரு' என்று மேடையில் நடத்தி, அந்த நாடகத்தின் பெயரே அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் புகழ் பெற்றார். கன்னடத்தில் 2003-ல் உபேந்திரா நடிக்க, சாது கோகிலா இயக்கத்தில் படமாக வந்தது. உபேந்திராவின் பேச்சில் வேகமும் திமிரும் நன்றாகவே இருக்கும். முதல் பாதிக்கு அது போதும். இரண்டாவது பாதியில் சிரிப்பும் வேதனையும் ஒரே குரலில் வர வேண்டிய இடத்தில் எனக்கு ராதாவைத்தான் தேடியது.

"சரி, பார்க்கிறேன். எங்கே கவனமா பார்க்கணும்?"

மோகனுக்குப் பார்வை போன பிறகு வரும் பிச்சைக் காட்சிகளில் செல்போனைக் கீழே வைத்துவிடுங்கள். சந்திராவும் பாலுவும் அவன் யாரென்று தெரியாமலேயே எதிரில் நிற்பார்கள், அவனுக்கும் அவர்களைத் தெரியாது. ராதா அங்கே பேச்சை நிறுத்தும் இடங்களைக் கவனியுங்கள். படம் முழுக்க இடைவெளி விடாமல் பேசிய மனிதர், அங்கே சில நொடி வாயை மூடிக்கொண்டு தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.